வலி மாத்திரை சிறுநீரகத் தழும்பைத் தடுக்குமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, கொஞ்சம் சொந்தத் தேயிலை, 12 வருடமாகச் சுகர். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.4, சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்) விகிதம் 420. "உள்ளே அழற்சி இருந்துகொண்டே இருப்பதால்தான் கிட்னியில் தழும்பு விழுகிறது என்று டாக்டர் சொன்னார். அப்பா முட்டி வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். அதுவும் அழற்சியைக் குறைக்கும் மாத்திரைதானே, கிட்னிக்கும் நல்லதுதானே?"

இல்லை. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் கேள்வி நியாயமானது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சுகரால் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகும்போது அல்புமின் ஒழுகுகிறது (30க்குள் இருக்க வேண்டியது, அப்பாவுக்கு 420). ஒழுகியதைப் பக்கத்துக் குழாய்களின் செல்கள் உறிஞ்சி உறிஞ்சித் திணறிப்போகின்றன, திணறிய செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற அழற்சி சுவிட்ச் ஆன் ஆகிறது, ஆன் ஆனதும் ஆள் கூப்பிடும் ரசாயனங்கள் வெளியே போகின்றன. ரத்தத்திலிருந்து மேக்ரோபேஜ்கள் என்ற பாதுகாப்புச் செல்கள் வந்து சேர்கின்றன. அவையும் குழாய்ச் செல்களும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க, அங்கே சும்மா இருந்த செல்கள் கொலாஜன் நார் போட ஆரம்பிக்கின்றன. இது காயம் ஆற்றும் வேலைதான். கையில் வெட்டுப்பட்டால் இதே வேலை நடந்து நின்றுவிடும், இங்கே ஒழுகல் நிற்காததால் வேலையும் நிற்பதில்லை. மழையில் மண் சரிந்தால் தடுப்புச் சுவர் கட்டுகிறோம், சரி. தினமும் கொஞ்சம் சரிந்து தினமும் ஒரு சுவர் எழும்பினால் தோட்டத்தில் செடிக்கு இடம் ஏது? நார் பெருகப் பெருக நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கும், பக்கத்துக் குழாய்க்கு ஆக்சிஜன் குறையும், அதுவும் ஆள் கூப்பிடத் தொடங்கும். வலியே இல்லாமல் வருடக்கணக்கில் இது ஓடும்.

டைக்ளோஃபெனாக் கை வைப்பது இந்த வழியில் இல்லை. அது புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைத் தடுக்கிறது. முட்டியில் வலியைக் கிளப்புவது அதுதான், ஆனால் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயை விரித்து வைத்திருப்பதும் அதுதான். தடுத்தால் முட்டிக்கு சுகம், ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவிக்கும் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை இரண்டோடும் சேர்த்துப் போட்டால் ஆபத்து இன்னும் அதிகம். உடலில் நீர் குறைந்தாலும் அப்படித்தான், அதனால் குளிரில் தாகமே தெரியாமல் நாள் முழுக்க வேலை செய்கிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

அப்படியானால் டிஜிஎஃப்-பீட்டாவையே நேராகத் தடுக்கலாமே என்று தோன்றும். சுகர் நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. பலன் கிடைப்பது ஒழுகலைக் குறைப்பதில்தான். டெல்மிசார்டன் அல்லது எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை ஒன்று (இரண்டும் சேர்த்து வேண்டாம்) வடிகட்டிக்குள் அழுத்தத்தை இறக்கும். கூடவே டாபாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை: 2020இல் வெளிவந்த ஆய்வில் 4,304 பேரிடம், சிறுநீரகம் பெரிதாகச் சரிவது, அதனாலோ இதயத்தாலோ இறப்பது எல்லாம் சேர்த்து ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. அப்பாவுக்கு இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சீட்டை எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. வாந்தி, பேதி வந்தால் இந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

1.4 பார்க்கச் சின்ன எண். இந்த வயது ஆணுக்கு அது சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 57 மில்லி என்று அர்த்தம். விழுந்த தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றைக்கு இல்லை, மிச்சமிருப்பதைத்தான் காக்க முடியும், காக்க நிறைய மிச்சம் இருக்கிறது. ஊறுகாயையும் கருவாட்டையும் குறையுங்கள், குளிர் மாதங்களில் பிரஷர் ஏறும் என்பதால் வீட்டிலேயே அடிக்கடி பாருங்கள்.

முட்டி வலிக்கு டாக்டர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் போடலாம். தொடைத் தசைக்குப் பயிற்சி அதைவிட நல்லது, பிசியோதெரபி செய்பவரிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொள்ளட்டும். மேலே சொன்ன பிரஷர் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினால் இரண்டு வாரத்துக்குள் கிரியாட்டினினோடு பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் முதலில் லேசாக ஏறலாம், அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் உடனே டாக்டரைப் பாருங்கள்.