அறுவை சிகிச்சைக்குப் பின்னும் தொடரும் கணைக்கால் வலி

அன்புள்ள டாக்டர்,

எனக்கு வயது 31. நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபாடு உண்டு. ஓடத் தொடங்கிய கால் மணி நேரத்தில் இரு கணைக்கால்களும் கல்லாக இறுகிவிடும். நின்றால் சற்று நேரத்தில் தணியும். தசை அறைகளில் அழுத்தம் கூடுவதாகச் சொல்லி, சென்ற ஆண்டு இரு கால்களிலும் தசையுறையைத் திறந்துவிட்டார்கள். சில மாதங்கள் நன்றாக ஓடினேன். இப்போது வலி திரும்பிவிட்டது. மீண்டும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். ஓட்டத்தையே விட்டுவிடுவதுதான் நல்லதா?

கே.

அன்புள்ள கே.,

ஓட்டத்தை விடுவதா, மீண்டும் கத்தி வைப்பதா என்பதெல்லாம் பிறகு. வந்திருப்பது பழைய வலிதானா என்பது முதலில் தெரிய வேண்டும்.

கணைக்காலின் தசைகள் நான்கு அறைகளில், எளிதில் விரிந்துகொடுக்காத உறைக்குள் இருக்கின்றன. ஓடும்போது இரத்தம் நிறைந்து தசை பருக்க, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கீறிவிட்ட உறை தழும்புத் திசுவால் மறுபடி மூடிக்கொள்வதுண்டு. திறக்க வேண்டிய அறை ஒன்று விடுபட்டிருப்பதும் உண்டு. முன் அறையைத் திறந்தால் கிடைக்கும் பலன், பின்புற ஆழ் அறையில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

அதே தூரத்தில் அதே இறுக்கம் வந்து, நின்றதும் தணிந்தால் பழைய வலியாக இருக்கலாம். பாதத்தின் மேற்புறம் எரிந்தோ மரத்தோ போய், வெளிக் கணுக்காலுக்கு அரைச் சாண் மேலே தழும்பைத் தட்டினால் சுரீரென்று இழுக்குமானால், தழும்பில் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பின் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலித்து, ஓய்விலும் விடாவிட்டால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓடும்போது பாதம் வெளுத்துக் குளிர்ந்தால், முழங்காலின் பின்னுள்ள தமனி நெருக்கப்படுகிறதா என்று, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லிப் பார்ப்பார்கள். இந்தத் தமனிக் கோளாறைத் தசை அறை நோயென்று எண்ணித் தசையுறையை அறுத்துவிடுவதும் நடக்கிறது.

அழுத்தத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஓய்வில் 15, ஓடி நின்ற 1 நிமிடத்தில் 30, 5 நிமிடத்தில் 20 மி.மீ. பாதரசம் என்பவை 1990 முதல் பழக்கத்திலுள்ள எல்லைகள். வலியே இல்லாதவர்களிடமும் இவற்றைத் தாண்டிய அளவுகள் காணப்பட்டிருப்பதால், எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை.

ஓடும் முறையையும் கவனியுங்கள். நீண்ட எட்டு வைத்துக் குதிகாலில் இறங்குபவருக்குப் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் முன் தசைகள் அதிகம் உழைக்கின்றன. 2012இல் வெளியான அமெரிக்க இராணுவ ஆய்வொன்றில், அறுவை சிகிச்சை தேவையென்று கருதப்பட்ட 10 பேர் முன்பாதத்தில் இறங்கி ஓட 6 வாரம் பயின்றனர். ஓராண்டு கழித்தும் அவர்களில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பத்தே பேர்தான், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. ஆயினும் கத்திக்கு முன் முயன்று பார்க்கத்தக்கது. உங்கள் வலி கெண்டைக்காலில் என்றால் மட்டும் இதைத் தவிருங்கள். முன்பாத ஓட்டம் அங்கேதான் சுமையை ஏற்றும். வலியின் காரணம் தெரியும்வரை வலி வராத தூரம் ஓடி, மற்ற நாட்களில் நீந்துங்கள்.

நின்ற பின்னும் வலி ஏறிக்கொண்டே போனாலோ பாதத்தைத் தூக்க முடியாமற்போனாலோ, எந்த நேரமானாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அப்போது தாமதித்தால் தசை அழிந்துவிடும். மற்றபடி, பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கி, எந்தெந்த அறைகளைத் திறந்தார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.