தலைகீழாகத் தொங்கினால் முதுகுவலி போகுமா?

வாசகர் கேள்விகளுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு நெடுங்காலமாகச் சிகிச்சை அளித்துவரும் பிசியோதெரபிஸ்ட் பதில் அளிக்கிறார். கணுக்காலைப் பூட்டிக்கொண்டு உடம்பைத் தலைகீழாகச் சாய்க்கும் மேசையான இன்வெர்ஷன் டேபிள் பற்றி நிறையக் கடிதங்கள் வந்ததால், இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: எனக்கு வயது 41. ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ், அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு உப்பியிருக்கிறது என்று எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. வலது பிட்டத்தில் ஆரம்பித்துக் கெண்டைக்கால் வரை இழுக்கிறது. மைத்துனர் ஒரு இன்வெர்ஷன் டேபிள் வாங்கிக் கொடுத்தார். தொங்கும்போதும், இறங்கிய பிறகு கொஞ்ச நேரமும் வலியே இருப்பதில்லை. அப்புறம் பழைய கதைதான். ஜவ்வு உள்ளே போய்விட்டு மறுபடி வெளியே வந்துவிடுகிறதா? எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் தொங்கலாம்?
— வாசகர், கரூர்

பதில்: உங்களுக்குக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேர நிம்மதி நிஜமானது. மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் அது வரவில்லை.

டிஸ்க் வீங்கி நரம்பை உரசும்போது, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் ஓடும் தசைகள் அந்த இடத்தை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. நாளெல்லாம் பிடித்திருப்பதால் தசையே வலிக்கத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் ஓவர்லாக் மெஷினில் குனிந்தே உட்கார்ந்திருக்கும் பெண்களின் இடுப்பில் கை வைத்தால் கயிறு போல விறைத்திருக்கும். சாய்ந்து தொங்கும்போது மேலுடம்பின் பாரம் இடுப்பை அமுக்குவதற்குப் பதிலாக எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பாரம் இறங்கியதும் தசை பிடியை விடுகிறது. நரம்பைச் சுற்றிக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. எழுந்து நின்றதும் பாரம் திரும்பி வருகிறது, வலியும் கூடவே வருகிறது. ஜவ்வு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக எதுவும் நடப்பதில்லை.

பிதுங்கிய டிஸ்க்கைச் சரிசெய்வது பெரும்பாலும் உங்கள் உடம்பேதான். வெளியே வந்த பகுதியை ரத்தத்திலுள்ள காவல் செல்கள் அந்நியப் பொருளாகக் கருதி மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பெரிதாக உடைந்து வெளியே கிடக்கும் துண்டுதான் இப்படி வேகமாகக் கரையும். சும்மா உப்பியிருக்கும் பல்ஜ் அவ்வளவாக மாறாது. ஆனாலும் காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடுகிறது. ஸ்கேனில் பல்ஜ் அப்படியே இருக்க, வலி மட்டும் போய்விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தைத் தாக்குப்பிடிக்க எது உதவினாலும் அதற்கு மதிப்புண்டு. இன்வெர்ஷன் டேபிளை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 2012இல் வெளியானது. ஒரே ஒரு டிஸ்க் பிதுங்கி, அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். பிசியோதெரபியோடு தலைகீழ் மேசையும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட 13 பேரில் 10 பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களில் இரண்டே பேர்தான் அப்படித் தப்பினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இத்தனை குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு ‘நிரூபிக்கப்பட்ட சிகிச்சை’ என்று விளம்பரம் செய்வது அநியாயம்.

இனி டிகிரி. முழுத் தலைகீழாக, 90 டிகிரியில் தொங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லவே இல்லை. படுக்கை மட்டத்திலிருந்து 15 டிகிரி சாய்ந்தாலே மேலுடம்பு எடையில் கால் பங்கு இழுவிசையாகக் கிடைக்கும். 30 டிகிரியில் பாதி. 60 டிகிரியில் 87 சதவீதம். முதுகு மெத்தையில் உரசுவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆகவே முதல் வாரம் 15 முதல் 20 டிகிரி, ஒரு நிமிடம் போதும். பழகிய பிறகு 30 டிகிரி, இரண்டு மூன்று நிமிடம். இதைத் தாண்டி நீங்களாகப் போகாதீர்கள்.

பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். கணுக்கால் பூட்டை மாட்டியதும் அவரை ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேசைக்கு ஒரு பெல்ட் கொடுத்திருப்பார்கள்; குறிப்பிட்ட சாய்வுக்கு மேல் போகாமல் அதுதான் தடுக்கும், அதைக் கழற்றிவிடாதீர்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம். திரும்பும்போது படுக்கை மட்டத்தில் நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே கிடந்துவிட்டுப் பிறகு எழுங்கள். சட்டென்று நிமிர்ந்து தலைசுற்றி விழுந்தால் முதுகோடு மணிக்கட்டும் சேர்ந்து போகும்.

இறங்கியதும் கணினி முன்னால் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதிலேயே முக்கியமானது. தசை விட்டுக்கொடுத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நடங்கள். தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம், கையை வீசி. நீங்கள் அந்த நிம்மதியை நாற்காலியில் செலவழிப்பதாகத்தான் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

வலி எங்கே நகர்கிறது என்பதையும் கவனியுங்கள். கெண்டைக்காலில் இருந்த வலி மேலேறி, பிட்டத்தோடோ இடுப்போடோ நின்றுவிட்டால் நல்லது. இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பாதத்தை நோக்கி இறங்கினால் மேசையை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது தெரியாமல் போய்விடுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: வயது 58. இருபது வருடமாகச் சிரசாசனம் செய்கிறேன். இரண்டு வருடமாகக் கண்ணில் நீர் அழுத்தம் என்று சொட்டு மருந்து போடுகிறேன். இடுப்புவலிக்கு இந்த மேசை வாங்கித் தருவதாக மகன் சொல்கிறான். வாங்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. சிரசாசனத்தையும் இன்றோடு நிறுத்துங்கள்.

மனம் வருந்தும் என்று தெரியும். இருபது வருடப் பழக்கம் லேசில் விடாது. ஆனால் இதில் நமக்குச் சென்னையிலிருந்தே தெளிவான பதில் இருக்கிறது. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பழகியவர்கள் 75 பேரை வைத்து, சிரசாசனத்தில் இருக்கும்போதே அவர்களுடைய கண் அழுத்தத்தை அளந்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அப்படித்தான். நல்ல கண் அதைத் தாங்கிக்கொள்ளலாம். கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய் உள்ள கண்ணில் பார்வை நரம்பு ஏற்கெனவே நைந்துகொண்டிருக்கிறது. அதில் போனது திரும்பி வராது. அடுத்த முறை கண் மருத்துவரிடம் போகும்போது, இத்தனை வருடம் சிரசாசனம் செய்ததை மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இன்னும் சிலருக்கும் இந்த மேசை ஆகாது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், பக்கவாதம் வந்தவர்கள், இதய நோய், விழித்திரை விலகல், எலும்புத் தேய்மானத்தால் முதுகெலும்பு நொறுங்கியவர்கள், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள், நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்கள்.

உங்கள் இடுப்புக்கு வேறு வழி இருக்கிறது. தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மீது வையுங்கள். முழங்காலும் இடுப்பும் செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். பத்து நிமிடம். ஜெர்மனியின் உல்ம் நகரில் 1999இல் ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே சிறு கருவி வைத்து அளந்தார்கள்: நிற்கும்போது இருந்த அழுத்தம், மல்லாந்து படுத்ததும் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. தலைகீழாகப் போகாமலே இவ்வளவு பாரம் இறங்குகிறது.

கேள்வி: இது புதிய கண்டுபிடிப்பா? ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து வெயிட் கட்டி இழுப்பதும் இதுவும் ஒன்றுதானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

பதில்: மிகப் பழையது ஐயா. ஏணியில் ஆளைத் தலைகீழாகக் கட்டி, உயரத்தில் தூக்கி, ஏணியோடு சேர்த்துக் குலுக்கும் முறை கிரேக்கத்தில் இருந்ததை ஹிப்போகிரட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். கூட்டத்தை வாய்பிளக்க வைப்பதற்காகப் போலி வைத்தியர்கள் செய்யும் வேலை என்று அதைக் கடிந்தும் இருக்கிறார். நம் நாட்டில் புனேயின் பி.கே.எஸ். ஐயங்கார் மரபில் சுவரில் கட்டிய கயிற்றில் தொங்கும் சிரசாசனம் உண்டு. கயிறு இடுப்பைத் தாங்கும், தலை தரையில் படாது, கழுத்துக்குப் பாரமே இல்லை. நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் மேசையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

வெயிட் கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் தத்துவத்தில் இதேதான். அதன் கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. 32 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு, வலியிலும் வேலைக்குத் திரும்புவதிலும் டிராக்‌ஷனால் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் முடிவுக்கு வந்தது. நாள்கணக்கில் படுக்கையில் போட்டு வெயிட் கட்டினால் தசை மெலிவதுதான் மிச்சம்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. தலைகீழாகத் தொங்கினால் உயரம் கூடுமா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: கூடாது. இரவு தூங்கி எழும்போது நாம் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்துதான் இருக்கிறோம். மாலைக்குள் அது போய்விடும். விண்வெளியில் எடையே இல்லாமல் இருப்பவர்கள் 5 சென்டிமீட்டர் வரை நீளுகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அங்கே முதுகுவலி வருகிறது. பூமிக்குத் திரும்பியதும் டிஸ்க் பிதுங்கும் ஆபத்தும் அதிகம். முதுகெலும்புக்கு ஓரளவு பாரமும் வேண்டும். பையனைக் கபடிக்கோ கால்பந்துக்கோ அனுப்புங்கள்.

கேள்வி: நான் லாரி டிரைவர். வட இந்தியா லைன் போகிறேன். இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மேசை வாங்க வசதியில்லை, வாங்கினாலும் வைக்க இடமில்லை. லாரி பின்பக்கக் கம்பியில் காலை மாட்டித் தொங்கலாமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: தம்பி, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கால் நழுவினால் கழுத்து. கையால் பிடித்துத் தொங்குங்கள். கால்விரல் தரையைத் தொட்டபடியே, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாரத்தைப் பாதி கைக்கும் பாதி காலுக்கும் கொடுத்து இருபது முப்பது விநாடி. இடுப்பைத் தளர விடுங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். தோள்பட்டை வலி இருந்தால் இதுவும் வேண்டாம்.

உங்கள் தொழிலில் முதுகைக் கெடுப்பது மூன்று. மணிக்கணக்கில் ஒரே உட்கார்வு, ரோட்டின் அதிர்வு, அதோடு இறங்கிய கையோடு செய்யும் வேலை. முதல் இரண்டையும் உங்களால் அதிகம் மாற்ற முடியாது. மூன்றாவதை மாற்றலாம். கேபினிலிருந்து குதிக்காதீர்கள், படியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி இறங்குங்கள். இறங்கியவுடன் தார்ப்பாய் இழுப்பதும் கயிறு கட்டுவதும் வேண்டாம். ஐந்து நிமிடம் வண்டியைச் சுற்றி டயர் பார்த்துக்கொண்டே நடங்கள், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் நாலைந்து முறை வளையுங்கள், பிறகு வேலையைத் தொடுங்கள். முன்னே சொன்ன உல்ம் அளவீட்டில், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது டிஸ்க் அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிட நாலரை மடங்குக்கு மேல் போனது. அதே எடையை முழங்கால் மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்கியபோது கணிசமாகக் குறைந்தது.

காலையில் கேபின் படுக்கையிலிருந்து எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து எதையும் தூக்காதீர்கள். இரவெல்லாம் டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போதுதான் அது எளிதாகக் காயப்படும். ஸ்டெப்னி கழற்ற வேண்டியிருந்தால் கிளீனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் இரண்டு நாள் ஓய்வில், காலுக்கு வலி இறங்குகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.