விபிஎன் நீக்கிய பிறகு வைஃபை இருந்தும் தளங்கள் திறக்கவில்லை: பதில்

வணக்கம். விண்டோஸ் 10-இல் விபிஎன் மென்பொருளை நீக்கியபின் வைஃபை இணைந்திருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்கிறீர்கள். முதலில் கமாண்ட் ப்ராம்ப்டில் ping 1.1.1.1 என்று தட்டிப் பாருங்கள்; அது பெயர் இல்லாமல் எண்ணால் மட்டும் அணுகும் ஒரு முகவரி.

பதில் வந்தால் கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்தான், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் சேவையில். வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4-ஐத் திறந்து, டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றுங்கள். விபிஎன் எழுதிவைத்த முகவரி பெரும்பாலும் அங்கேயே தங்கியிருக்கும்.

அதில் சரியாகாவிட்டாலோ பதிலே வராவிட்டாலோ, செட்டிங்ஸில் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம் கில் ஸ்விட்ச், அதாவது விபிஎன் துண்டானால் இணையத்தையே தடுக்கும் வசதி. அது போட்ட தடை, மென்பொருள் போனபிறகும் நிற்பதுண்டு. அதே விபிஎன்னை மறுபடி நிறுவி, கில் ஸ்விட்சை அணைத்து, விபிஎன் இணைப்பைத் துண்டித்த பிறகே நீக்குங்கள். இந்த வரிசை முக்கியம்.

கடைசியாக டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுங்கள். நெட்வொர்க் அடாப்டர்களில் 'டேப்-விண்டோஸ் அடாப்டர் வி9' (சில விபிஎன்கள் நிறுவும் மெய்நிகர் அடாப்டர்) மிச்சமிருந்தால், டிரைவரையும் அழிக்கும் பெட்டியை டிக் செய்து நீக்குங்கள். வேறு விபிஎன் ஏதும் வைத்திருந்தால் அதுவும் இதே டிரைவரைப் பயன்படுத்தலாம், கவனம். 'வான் மினிபோர்ட்' என்றிருப்பவை விண்டோஸுக்கே உரியவை, தொடாதீர்கள்.

எல்லா நெட்வொர்க் அமைப்புகளையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் நெட்வொர்க் ரீசெட்டுக்கு அவசரப்பட வேண்டாம், கையால் அமைத்த ஐபி முகவரிகள் எல்லாம் போய்விடும்.