13 ஓட்டங்கள் பெற்றும் தோல்வி

கேள்வி: 2019 ஜூன் 29 அன்று இலண்டனில் நடந்த பேஸ்போல் ஆட்டத்தை நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து பார்த்தேன். என் உயிரான பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணி 13 ஓட்டங்கள் பெற்றும், பரம வைரியான நியூயோர்க் யாங்கீஸ் அணியிடம் 17க்கு 13 என்று தோற்றதை இன்றும் மனம் ஏற்கவில்லை. யாரைக் குறை சொல்வது?
– வாசகர், நல்லூர்

பதில்: பந்து வீச்சைத்தான். முதல் இன்னிங்ஸிலேயே, அதாவது இரு அணிகளும் ஒவ்வொரு முறை துடுப்பெடுத்தாடும் முதல் சுற்றிலேயே, அவை தலா 6 ஓட்டங்களைக் குவித்ததால், இரு தரப்பின் தொடக்கப் பந்து வீச்சாளர்களும் அந்த இன்னிங்ஸ் முடியுமுன்பே வெளியேற நேர்ந்தது. ஒன்பது இன்னிங்ஸ்களிலும் சேர்த்து ஓர் அணிக்கு நான்கைந்து ஓட்டங்களே வழமையாகக் கிடைக்கும் விளையாட்டில் அது பெருஞ்சேதம். ஆயினும், 17க்கு 6 எனப் பின்தங்கிய பின்னரும் உங்கள் அணி சோராமல் மேலும் 7 ஓட்டங்களைச் சேர்த்ததே அந்த இரவில் என்னை நெகிழ வைத்தது. யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்ற கிரிக்கெட் போட்டியைப் பார்த்து வளர்ந்த நமக்கு உங்கள் வலி நன்றாகவே புரியும்.