பாலை விதை ஏன் முளைக்கவில்லை?

நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். போன ஆடியில் பாலைப்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கொட்டைகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, போத்தலில் போட்டு மூடி வைத்தாராம். கார்த்திகை மழைக்கு ஐம்பது விதை போட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. வளவில் ஒரு பாலை மரம் நிற்கவேண்டும், எங்கே பிழை என்று கேட்கிறார்.

பிழை வெயிலிலும் போத்தலிலும்தான். நெல்லையும் பயற்றையும் வைப்பதுபோல் பாலை விதையை வைக்க முடியாது. உள்ளே இருப்பது எண்ணெய்ப் பருப்பு. நாள் போகப்போக முளைக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். பழம் தின்ற கிழமைக்குள் விதை மண்ணுக்குள் போய்விடவேண்டும். பழம் வருவது கோடையில், மாரி தொடங்குவது ஐப்பசியில். அந்த இடைவெளியைக் கையால் தண்ணீர் ஊற்றித்தான் கடக்கவேண்டும்.

நன்றாகப் பழுத்துத் தானாக விழுந்த பழமாகப் பாருங்கள். காட்டுக்குள் போய்ப் பொறுக்குவதென்றால் தனியே போகாதீர்கள். பாலைப்பழம் என்றால் கரடிக்கும் உயிர். வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கம் எந்தப் பழத்துக்காகவும் போகவேண்டாம்.

விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பளபளவென்று மண்ணிறமாக இருக்கும். ஒரு முனையை ஒட்டி மட்டும் மினுக்கமில்லாத வெளிறிய தழும்பு தெரியும். முளை வருவது அந்தப் பக்கத்தால், அதைத் தொடவேண்டாம். முதலில் பரும்மணல் போட்டுக் கசக்கி, ஒட்டியிருக்கும் சதையையும் பால்பசையையும் போக்குங்கள் (தின்னும்போது உதட்டில் ஒட்டுகிற அதே பசைதான்). இனிப்பு மிஞ்சினால் எறும்பு விடாது. பிறகு தழும்புக்கு எதிர்முனையைக் கரடுமுரடான சீமெந்துத் தரையில் நாலைந்து தரம் தேயுங்கள். மினுக்கம் போய் ஓடு மெலிந்தால் போதும், பருப்புத் தெரியக் கூடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, மிதப்பதை எறிந்துவிடுங்கள்.

பை உயரமானதாக இருக்கட்டும், ஓரடி என்றால் நல்லது. பாலை மேலே வளர முன்னம் கீழே வேரை இறக்கிக்கொள்ளும். குட்டைப் பையில் அந்த வேர் சுருண்டுபோனால் பிறகு மரம் தேறாது. மேல்மண், மணல், உக்கிய மாட்டெரு மூன்றையும் சமனாகக் கலந்து, அரை அங்குல ஆழத்தில் விதையைப் போட்டு, கிடுகு நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருந்தால் சரி, சேறாக வேண்டாம். சில விதை மூன்று கிழமையில் தலைகாட்டும், சில இரண்டு மாதமும் எடுக்கும். பொறுமை கெட்டுக் கிண்டிப் பார்க்காதீர்கள்.

அந்த ஐப்பசிக்குள் கன்று நடுகிற அளவுக்கு வராது. அடுத்த வருட மாரித் தொடக்கம் வரை பையிலேயே நிற்கட்டும். இடைக்கிடை பையைத் தூக்கி இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேர் நிலத்துக்குள் இறங்கிவிடும். உண்மையைச் சொன்னால், ஒரேயொரு மரந்தான் வேண்டுமென்றால் நான் பைக்கே போகமாட்டேன். நிற்கப்போகிற இடத்திலேயே மூன்று விதையைப் போட்டு, திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவேன். ஆனால் கட்டாக்காலி மாடு புகாமல் முள்வேலி வேண்டும். முதல் இரண்டு கோடைக்கும் அடியில் சருகு மூடித் தண்ணீரும் ஊற்றவேண்டும்.

கன்றாக வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஏழிலைப்பாலை, வெட்பாலை எல்லாம் பெயரில் மட்டுந்தான் பாலை, குடும்பமே வேறு. நம்முடைய பழப்பாலை சப்போட்டாவுக்கு உறவு. இந்தியாவில் பாலைக் கன்றில்தான் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள். விதைக் கன்று காய்க்கப் பத்து வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். அதுவரை பிள்ளைகளுக்குப் பழம் வேண்டுமென்றால், இரண்டு பாலைக் கன்றை மேலதிகமாக வளர்த்து, பென்சில் மொத்தம் வந்ததும் ஒட்டுக்கட்டத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒன்றில் சப்போட்டாவை ஒட்டுவியுங்கள்.