பெருநகரத் தீ விபத்துகளில் மிக அதிகத் தண்ணீர் பாய்ச்சும் சிறப்பு வண்டிகள் எப்படி வந்தன?

தீயணைப்புத் துறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கோவையில் பம்ப் விற்கிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வண்டியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது: நியூயார்க் தீயணைப்புத் துறை 1965-ல் இறக்கிய 'சூப்பர் பம்பர்'.

வண்டியைக் கட்டியது மேக் நிறுவனம். வடிவமைத்தவரோ கப்பல்காரர், வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ். 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' பயணிகள் கப்பல் அவர் வடிவமைத்தது. 1938-ல் அதே நகரத்துக்கு நிமிடத்துக்கு 20,000 கேலன் இறைக்கும் தீயணைப்புப் படகு ஒன்றையும் வடிவமைத்துக் கொடுத்திருந்தார். அந்தப் படகைத் தெருவில் ஓட்டிப் பார்க்கும் ஆசைதான் சூப்பர் பம்பர் என்பேன். எஞ்சின்கூட பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பிறந்த நேப்பியர் டெல்டிக்: முக்கோணமாக அடுக்கிய 18 சிலிண்டர், 36 பிஸ்டன், மூன்று கிராங்க் ஷாஃப்ட், சுமார் 2,400 குதிரைத்திறன். படத்தைப் பார்த்தால் என் தொழிலில் இருக்கும் எவனுக்கும் எச்சில் ஊறும்.

350 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 350 பவுண்டு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு 8,800 கேலன், அதாவது 33,000 லிட்டருக்கு மேல். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி அதற்கு 22 நொடிகூடத் தாங்காது. அதனால்தான் இது தண்ணீரைச் சுமக்கவே இல்லை. ஒரே நேரத்தில் எட்டு ஹைட்ரன்ட்களிலிருந்து, அதாவது தெருவோரத் தீயணைப்புக் குழாய்களிலிருந்து, எடுக்கும். இல்லாவிட்டால் ஆற்றிலிருந்து உறிஞ்சும். கூடவே ராட்சதத் தண்ணீர் பீரங்கியும் ஹோஸும் ஏற்றிய ஒரு 'டெண்டர்', 'சாட்டிலைட்' எனப்பட்ட மூன்று சிறிய வண்டிகள்.

எல்லாரும் எஞ்சினைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வண்டிகளின் நாலரை அங்குல ஹோஸ். கடைக்கு வருபவர்களும் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை ஹெச்பி என்று கேட்பார்கள், குழாய் எத்தனை இஞ்ச் என்று யோசிப்பதில்லை. ஒரே அளவு தண்ணீர் போகும்போது உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். இரண்டரை அங்குலத்தை நாலரை ஆக்கினால் இழப்பில் ஏறத்தாழ 19-ல் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கடைசியில் நிலைத்ததும் எஞ்சின் அல்ல, ஹோஸ்தான். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தீ விபத்துகளுக்குப் போய்வந்த சூப்பர் பம்பர் 1982-ல் ஓய்வு பெற்றது. சாட்டிலைட் முறை நிலைத்துவிட்டது: அகல ஹோஸும் பீரங்கியும் கொண்ட வண்டி, துணைக்கு நிமிடத்துக்கு 2,000 கேலன் பம்பர். ஒரே ராட்சதன் தேவைப்படவில்லை.

பிரிட்டனில் 2005 டிசம்பரில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு எரிந்தபோது வந்த பெருங்கொள்ளளவு பம்புகள் இன்னும் ஒரு படி மேல். மேலே நின்று உறிஞ்சினால் நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்கு மேல் எந்தப் பம்பும் இழுக்காது. இவை பம்பை மட்டும் தண்ணீருக்குள் இறக்கிவிடுகின்றன; அதைச் சுழற்றும் எஞ்சின், நீண்ட ஹைட்ராலிக் குழாயின் மறுமுனையில், கரையிலேயே நிற்கிறது.