குதிரையைக் கொடுத்து ஆடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து கொம்பனித்தெருவுக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும்போது போனில் 3 நிமிட செஸ் ஆடுவேன். வெள்ளை கிடைத்தால் ஹலோவீன் கேம்பிட்தான் (கேம்பிட் என்றால் காயைப் பலிகொடுத்துத் தாக்கும் தொடக்கம்). நாலு குதிரைகளும் வெளியே வந்ததும் ஈ5 கட்டத்தில் நிற்கும் கறுப்புச் சிப்பாய்க்காக ஒரு குதிரையைக் கொடுத்துவிடுவேன். நிறைய வென்றேன், ஆனால் சில மாதமாக ரேட்டிங் அசையவில்லை. “இது ஏமாற்று வேலை” என்கிறார் அத்தான். அடுத்து ஒரு போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்தத் தொடக்கத்தை விட்டுவிடவா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, அத்தானின் குற்றச்சாட்டை முதலில் தள்ளிவிடுவோம். குதிரையைப் பலகை நடுவில் வைத்துத்தான் கொடுக்கிறீர்கள், இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது? ஆனால் கணக்கு உதைக்கிறது. மூன்று சிப்பாய் பெறுமதியான குதிரைக்கு உங்களுக்குக் கிடைப்பது ஒரு சிப்பாய். மிச்சத்தை எதிராளியின் கடிகாரத்திலிருந்து எடுக்கப் பார்க்கிறீர்கள்.

அது பல தடவை கிடைத்தும் விடுகிறது. கறுப்பு வெட்டியதும் சிப்பாயை டி4க்குத் தள்ளுகிறீர்கள், வெட்டிய குதிரை ஓட வேண்டும். பிறகு இன்னொரு சிப்பாய் ஈ5க்கு. எஃப்6இல் நின்ற மற்றக் குதிரை பெரும்பாலும் தொடங்கின இடமான ஜி8க்கே திரும்புகிறது. ஒரு காய் கூடுதலாக வைத்திருப்பவர் வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் நிற்கிறார். திகைத்துப்போய் அரை நிமிடம் யோசித்தாரென்றால் அவருடைய நேரத்தில் ஆறிலொரு பங்கு போயிற்று. முகமூடியைத் திடீரென்று கண்டவர் போல எதிராளி மிரள்வதால்தான் ஸ்டெஃபன் யாகோப் என்ற ஜேர்மானியர் இதற்கு ஹலோவீன் என்று பெயர் வைத்தார்.

மிரளாதவர் என்ன செய்வார்? விரட்டப்பட்ட குதிரை சி6க்குப் போனால் உங்களுக்கு நல்லது, டி5 என்று மறுபடி விரட்டலாம். ஜி6க்குப் போனால் கதை வேறு. ஈ5 தள்ளி, மந்திரியை (பிஷப்) சி4க்குக் கொண்டுவருகிறீர்கள். அப்போது அவர் டி5 என்று ஒரு சிப்பாயை நீட்டுவார். மந்திரியால் வெட்டுவீர்கள். அவர் சி6 தள்ள, உங்கள் மந்திரி பி3க்குப் பின்வாங்க, அவருடைய மந்திரி ஈ6இல் வந்து முகத்துக்கு முகம் நிற்கும். மந்திரிகள் வெட்டுப்பட்டால் உங்கள் தாக்குதலுக்குப் பல்லில்லை. உங்களிடம் தோற்றவர்களில் பலர் கிடைத்த குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சிப்பாயைக்கூடத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவர்களாக இருப்பார்கள். ரேட்டிங் ஏற ஏற, திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் எதிரே வருவார்கள். நீங்கள் நின்றுபோன இடம் அதுதான் என்று நினைக்கிறேன். (நெரிசல் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுவதும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம்.)

சந்தேகமென்றால் தோற்ற ஆட்டங்களை விட்டு வென்றவற்றைத் திறந்து பாருங்கள். 15ஆவது நகர்வில் நிலை எப்படி, யாரிடம் நேரம் கூட? நிலை மோசம், நேரம் மட்டும் கூட என்றால் வென்றது கடிகாரம். நகர்வுக்கு 2 விநாடி கூடும் ஆட்டத்தில் இதையே கொஞ்ச நாள் ஆடினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

போட்டியில் மட்டும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருப்பவர் பத்து நிமிடம் செலவழித்து அந்த டி5ஐக் கண்டுபிடித்தாலும் அவருக்கு நட்டமில்லை. அதன் பிறகு ஒரு காய் குறைந்தபடி ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருக்கப்போவது நீங்கள்.

அதற்காகப் புதிதாக எல்லாம் படிக்கவும் தேவையில்லை. முதல் மூன்று நகர்வும் அப்படியே இருக்கட்டும். நாலாவதில் டி4 தள்ளுங்கள். இது ஸ்கொட்ச் நாலு குதிரை ஆட்டம், வெள்ளைக்கு இதில் ஒரு குறையும் இல்லை. கறுப்பு அந்தச் சிப்பாயை வெட்டியதும் கை அரிக்கிறதா? மறுபடி வெட்டாமல் குதிரையை டி5இல் வையுங்கள். பெல்கிரேட் கேம்பிட் என்பார்கள். கொடுப்பது ஒரு சிப்பாய்தான், கறுப்பு மந்திரியை ஈ7இல் வைத்து அமைதியாகச் சமாளித்தாலும் ஆட்டம் சமமாகவே இருக்கும். உங்கள் சுபாவத்துக்கு இதுதான் பொருந்தும்.

ரயிலில் ஹலோவீன் தொடரட்டும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் வெள்ளையைக் கொடுத்து, அந்தக் குதிரையை அவரையே பலியிடச் சொல்லுங்கள். கறுப்புப் பக்கம் இருந்து நீங்களே டி5 போட்டு, ஆட்டத்தைக் கடைசிவரை ஆடிப் பாருங்கள்.